தள்ளுபடி போக எவ்வளவு? ஊட்டிக் கடைத்தெருவில் மனக்கணக்காகவே போடலாம்

கமர்ஷியல் ரோட்டில் ஸ்வெட்டர் கடை, சாக்லேட் கடை எதைப் பார்த்தாலும் வாசலில் ஒரு தள்ளுபடி அட்டை தொங்கும். பில் போடும் முன்பே கொடுக்க வேண்டிய தொகை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பத்து சதவீதம் எடுக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: பத்து சதவீதம் எடுங்கள்

விலையின் கடைசி இலக்கத்துக்கு முன்னால் ஒரு புள்ளி வையுங்கள். 1,350 ரூபாய்க்கு 10% என்பது 135 ரூபாய்.

படி 2: மற்றதை அதிலிருந்து பிடியுங்கள்

20% என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு, 5% என்றால் அதில் பாதி. 25% என்பது விலையில் கால் பாகம்.

ஸ்வெட்டர் விலை 1,349, தள்ளுபடி 15% என்று வைத்துக்கொள்வோம். 1,350 என்றே எடுங்கள். 135-உம் 67.50-உம் சேர்ந்தால் 202.50. அது போக மீதி 1,147.50. துல்லியமாகப் போட்டால் 1,146.65 வரும். ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை.

படி 3: போனில் போடுவதானால்

% பட்டன் எல்லாக் கால்குலேட்டரிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. 100-இல் தள்ளுபடியைக் கழித்து, வருவதை 100-ஆல் வகுத்து, அதனால் விலையைப் பெருக்குங்கள். 15% என்றால் 1,349 × 0.85. 5% தள்ளுபடிக்கு 0.95. இங்கே 0.5 என்று தட்டிவிட்டால் விலை பாதியாகிவிடும். எளிதில் நடந்துவிடும் தவறு இது.

'20% + கூடுதலாக 10%'

இதை 30% என்று கூட்டக்கூடாது. 2,000 ரூபாய் ஜெர்கினுக்கு முதல் 20% போக 1,600. அடுத்த 10% இந்த 1,600-க்குத்தான், அதாவது 160. கொடுக்க வேண்டியது 1,440. மொத்தத் தள்ளுபடி 28%. எந்தச் சதவீதத்தை முதலில் கழித்தாலும் விடை மாறாது.

200 ரூபாய் கூப்பன் இருந்தால் கதை வேறு. சதவீதத்தை முதலில் கழித்தால் 1,600 − 200 = 1,400. கூப்பனை முதலில் கழித்தால் 1,800-இல் 20% போய் 1,440. பில் போடுமுன் எது முதலில் என்று கேட்டுவிடுங்கள், நாற்பது ரூபாய் மிச்சம்.

சாக்லேட்டில் சதவீதத்தைப் பார்க்காதீர்கள்

உதிரியாக எடை போட்டு விற்கும் ஹோம்மேட் சாக்லேட்டில் அச்சிட்ட விலை கிடையாது. எதிலிருந்து 30% என்பதைக் கடைக்காரரே வைத்துக்கொள்ளலாம். கிலோ 1,000 போட்டு 30% கழித்தால் 100 கிராம் 70 ரூபாய். தள்ளுபடியே இல்லாத பக்கத்துக் கடையில் கிலோ 680 என்றால் 100 கிராம் 68 ரூபாய். போர்டு இல்லாத கடைதான் மலிவு. 100 கிராம் விலையை மட்டும் ஒப்பிடுங்கள்.

'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது ஏறக்குறைய 33% தள்ளுபடி. 150 ரூபாய் யூகலிப்டஸ் தைலம் மூன்று 300-க்குக் கிடைக்கும், ஒன்று 100. மூன்றும் தேவைப்பட்டால் மட்டுமே இது லாபம். '50% வரை' என்பதில் 'வரை'தான் முக்கியம். நீங்கள் எடுத்த பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

பழைய விலையைச் சரிபார்க்க

25% போக 900 என்றால் பழைய விலை 900 ÷ 0.75 = 1,200. 900-உடன் அதன் கால் பாகத்தைக் கூட்டி 1,125 என்று சொல்வது தவறு, ஏனென்றால் அந்த 25% பழைய விலையில் கழிக்கப்பட்டது.

பாக்கெட் பொருளில் விலை இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஸ்டிக்கரின் ஓரம் தட்டுப்பட்டால் அடியில் அச்சிட்ட விலை என்னவென்று கேளுங்கள். பொதுவான விதிப்படி எம்.ஆர்.பி.யைக் குறைக்க மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம். அப்போதும் அச்சிட்ட விலையை மறைக்கக்கூடாது.

எம்.ஆர்.பி.யில் வரி எல்லாம் அடக்கம். 1,000 எம்.ஆர்.பி.க்கு 20% கழித்து 800 ஆக்கிவிட்டு, அதன்மேல் 5% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 840. 20% என்று சொன்ன தள்ளுபடி 16% ஆகிவிட்டது. அந்த நாற்பது ரூபாய் ஏன் என்று பில்லைக் காட்டியே கேளுங்கள்.