பேய்க்கணவாய் ரப்பர் ஆவது எதனால்? கலீசியச் சந்தை உணவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினின் வடமேற்குக் கடலோரமான கலீசியாவின் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் பெரிய செம்புக் கொப்பரையில் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) வேகும். 'புல்போ ஆ ஃபெய்ரா' என்ற அந்த உணவுக்குக் கல்லுப்பு, பாப்ரிகா தூள் (ஒருவகைச் சிவப்பு மிளகாய்த்தூள்), ஆலிவ் எண்ணெய் இவ்வளவுதான் சேர்மானம். ஆகவே வேக்காட்டில் பிசகினால் மசாலாவால் மறைக்க முடியாது.

பெரும்பாலும் தவறு அடுப்பு பற்றவைக்கும் முன்பே நடந்துவிடுகிறது. அன்றைக்குப் பிடித்ததுதான் நல்லது என்ற எண்ணம் மீனுக்குச் சரி, இதற்கு ஆகாது. சுத்தம் செய்து ஃப்ரீசரில் குறைந்தது 2 நாள் வையுங்கள். உள்ளிருக்கும் நீர் பனிப்படிகமாகித் தசைநார்களை உடைக்கும். ஃப்ரீசர் இல்லாத காலத்தில் அடித்து அடித்துத்தான் மென்மையாக்கினார்கள். பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீக்க வேண்டும்.

தண்ணீரில் உப்பு வேண்டாம், தட்டில் போடுவதே போதும். நீர் தளதளவென்று கொதிக்கும்போது தலையைப் பிடித்து மூன்று முறை முக்கி எடுங்கள். அதன் கைகள் சுருண்டுகொள்ளும், தோல் உரியாது. அப்புறம் முழுதாக இறக்கித் தீயைக் குறையுங்கள். 2 கிலோவுக்குச் சுமார் 40 நிமிடம். தலையை ஒட்டிய தடித்த பகுதியில் மெல்லிய குச்சி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது. அடுப்பை அணைத்து அதே நீரில் 10 நிமிடம் விடவும். குக்கரில் விசில் எண்ணி வைப்பவர்களுக்கு நடுவில் குத்திப் பார்க்க வழியே இல்லை. தோல் கழன்று, கை நுனிகள் குழைந்துவிடும்.

நம் வீட்டு மிளகாய்த்தூள் வேண்டாம். காரம் கடல் சுவையை அமுக்கிவிடும். இனிப்பு பாப்ரிகாவில் சிறிது கார பாப்ரிகா கலந்தால் போதும். கத்தரிக்கோலால் 1 செ.மீ. வில்லைகளாக வெட்டி முதலில் கல்லுப்பு, அடுத்து தூள், கடைசியில் எண்ணெய். எலுமிச்சை பிழிய வேண்டாம். பீங்கான் தட்டில் நீர் தேங்கித் தூளைக் கரைக்கும். மரத்தட்டு அந்த ஈரத்தை உறிஞ்சும். உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் பேய்க்கணவாய் வெந்த நீரிலேயே வேகவையுங்கள்.

கடற்கரையில்தான் இது நன்றாகக் கிடைக்கும் என்று நினைப்பதும் தவறு. கலீசியாவின் உட்பகுதியில் உள்ள ஓசெய்ரா என்ற கிறிஸ்தவத் துறவியர் மடத்துக்குக் கடலோர மாரின் ஊரிலிருந்து வந்து சேர்ந்த உலர்ந்த பேய்க்கணவாயால்தான் உள்நாட்டு மக்களுக்கு இந்தச் சமையல் கைவந்தது. கடலே இல்லாத ஓ கார்பாயினோ என்ற ஊரில் ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறன்று இதற்கென்றே திருவிழா நடக்கிறது.