சிரிக்கப் போகிற இடத்தில் செய்யக் கூடாதவை

தொலைக்காட்சியில் வரும் பட்டிமன்றம் போன்ற நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் பார்வையாளராகப் போகிற குமரி மாவட்டத்துக்காரர்கள் செய்கிற முதல் தவறு, பதிவு நடக்கும் நாளிலேயே திரும்புவதற்கு ரயில் டிக்கெட் எடுப்பது. தக்கலையிலிருந்து நாங்கள் ஏழு பேர் சென்னைக்குப் போனபோது அதைத்தான் செய்தோம். மதியம் 1 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சிதானே, 3 மணிக்குள் முடிந்துவிடும், மாலையில் எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். முதல் பேச்சாளர் மைக் முன்னால் வந்து நின்றபோதே மணி நாலரை. ரயில் கிளம்பும் நேரத்தில் நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எழுபது வயதைத் தாண்டிய அத்தையைக் கூட்டிக்கொண்டு ராத்திரி ஆம்னி பஸ் தேடி அலைந்தது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

திரையில் ஒரு மணி நேரம் வருவதை எடுக்க நாலைந்து மணி நேரம் ஆவது சாதாரணம். விளக்கைச் சரிசெய்வார்கள், பேச்சாளர் சட்டையில் மைக் குத்துவார்கள், ஒரு வரி தடுமாறினால் திரும்ப எடுப்பார்கள். போட்ட மேடை வீணாகக் கூடாதென்று ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகளை எடுப்பதும் உண்டு. 700 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து போகிறவர்கள் அன்று இரவு தங்கிவிட்டு மறுநாள் கிளம்புவதுதான் சரி. இன்னொரு சிக்கல், ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறந்துவிடும். நிகழ்ச்சிக்கான அழைப்போ சில நாள் முன்னால்தான் வரும். அப்போது தட்கல்தான் வழி. பயணத்துக்கு முந்தின நாள் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். ஸ்டுடியோ வடபழனிப் பக்கம் என்றால் எழும்பூரிலிருந்தே மெட்ரோ இருக்கிறது, ஆட்டோவோடு பேரம் பேச வேண்டியதில்லை.

அனுமதிச் சீட்டுக்குப் பணம் கேட்டால் போகாதீர்கள். பார்வையாளராக உட்காருவதற்குக் கட்டணம் வாங்குவது வழக்கமில்லை. அதே சமயம், சீட்டு கையில் இருக்கிறது என்பதற்காகத் தாமதமாகவும் போகாதீர்கள். நாற்காலி காலியாகத் தெரியக் கூடாதென்று கூடுதலாகவே ஆட்களை அழைத்து வைப்பார்கள். பிந்தி வருகிறவருக்கு வாசல்தான் மிச்சம்.

அடுத்தது உடை. நம் பக்கத்தில் ஆண்கள் நல்ல இடத்துக்குப் போவதென்றால் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டிதான். கேமராவுக்கு அது ஆகாது. முகம் தெளிவாகத் தெரியும்படி வெளிச்சத்தை வைத்தால் வெள்ளைச் சட்டை வெளுத்துப் பொங்கிவிடும். சட்டைக்காக வெளிச்சத்தைக் குறைத்தால் முகம் கறுத்துவிடும். கேமராமேன் என்ன செய்வார்? உங்களைப் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார். பொடிக் கட்டமும் மெல்லிய கோடும் திரையில் புழு நெளிவதுபோல் நெளியும். பெரிய எழுத்தில் நிறுவனப் பெயர் போட்ட பனியன், கட்சிக் கரை வேட்டி இரண்டும் வேண்டாம். நீலம், மெரூன், மாம்பழ மஞ்சள் என்று ஒரே நிறமாகப் போட்டுக்கொண்டு போங்கள். பெண்கள் கண்ணாடி வளையலைக் கழற்றி வைப்பது நல்லது. கூட்டத்தின் சிரிப்பைப் பிடிக்கத் தலைக்கு மேலே தொங்கும் மைக்குகள் வளையல் சத்தத்தையும் பிடித்துவிடும். ஏசிக் குளிரும் கடுமையாக இருக்கும் என்பதால் வயதானவர்களுக்கு ஒரு சால்வை கொண்டு போங்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். பட்டிமன்றம் நமக்குப் புதிதில்லை. கோயில் கொடைவிழாவிலும் சர்ச் திருவிழாவிலும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். நடுவில் எழுந்து போய்க் கடலை வாங்குவோம், பக்கத்தில் இருப்பவரிடம் கதை பேசுவோம், பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஓடும். அந்தப் பழக்கத்தை அப்படியே ஸ்டுடியோவுக்குள் கொண்டுபோனால் கெட்டது. நீங்கள் ஒரு நாற்காலியை விட்டு எழுந்தால் அடுத்த ஷாட்டில் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும். உடனே பின்னாலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள், திரும்பி வரும்போது உங்கள் இடம் போயிருக்கும். நீளமான கையில் மாட்டிய ஜிம்மி ஜிப் கேமரா தலைக்கு மேலே வீசிப் போகும்போது எழுந்து நிற்பது ஆபத்தும்கூட. கழிப்பறைக்குப் போவதை இடைவேளையில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளை வீட்டில் பாட்டியிடம் விட்டுவிடுவதுதான் அந்தக் குழந்தைகளுக்கும் நல்லது.

சரி, அசையாமல் உட்கார்ந்தால் போதுமா? போதாது. வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' சொல்வதை நினைத்துப் பாருங்கள். வில்லடித்துப் பாடுகிறவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார், அந்த 'ஆமா' விழுந்த பிறகுதான் கதை அடுத்த அடி வைக்கும். அது சீக்கிரம் விழுந்தால் வரி அறுந்துவிடும், விழாமலே போனால் பாட்டு தளர்ந்துவிடும். நகைச்சுவைப் பதிவில் அந்த 'ஆமா' நாம்தான். அமெரிக்காவில் 1950களிலேயே சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பதிவு செய்த சிரிப்புகளைப் பொத்தானை அழுத்தி ஒலிக்க வைக்கும் பெட்டியைச் செய்துவிட்டார். சிரிப்பை அப்படிப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் மேடையில் நிற்பவருக்கு அது உதவாது. எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எந்தக் கதையை நீட்டுவது என்பதையெல்லாம் அவர் எதிரே இருப்பவர்களின் சிரிப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.

ஆகவே கடைசி வார்த்தை விழும்வரை பொறுங்கள். தெரிந்த ஜோக் என்றால் முடிவை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். சிரிப்பு வந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள். நம் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் மட்டும் குலுங்கச் சிரிப்பார்கள். மைக்குக்கு அது கேட்காது, கேமராவுக்கும் தெரியாது. அன்று எங்கள் அத்தையிடம் அரங்கப் பொறுப்பாளர் வந்து, "அம்மா, கையை மட்டும் கீழே இறக்கிக்குங்க" என்று கெஞ்சினார். அத்தை இறக்கினார். அதற்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்து எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. கேமராவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், பேசுகிறவரைப் பாருங்கள்.

பதிவு தொடங்குவதற்கு முன்னால், மேடையில் யாரும் இல்லாதபோது, "கைதட்டுங்க, சிரிங்க" என்று சொல்லிப் படம் எடுப்பார்கள். சிலர் இதை ஏமாற்று என்று கோபித்துக்கொண்டு கையைக் கட்டிக்கொள்கிறார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. பேச்சை வெட்டிச் சுருக்கும்போது அந்த வெட்டை மறைக்க ஒரு கூட்டக் காட்சி தேவைப்படுகிறது, அதற்காக எடுக்கிறார்கள் என்று தெரிந்தபின் ஒத்துழைக்கிறேன். ஆனால் ஒன்று. ஒருவரின் நிறத்தையோ உடம்பையோ சாதியையோ இழித்துச் சொல்லும் ஜோக் வந்தால், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நீங்களும் சிரிக்க வேண்டியதில்லை. பேசாமல் இருங்கள். ஒரு முகம் சிரிக்காமல் இருந்தாலும் மேடையில் நிற்பவருக்கு அது தெரியும்.

செல்போனை அணைத்துவிடுங்கள். சைலண்டில் வைத்தால் போதாது. இருட்டில் திரை வெளிச்சம் தெரியும், ஒலிப்பதிவில் இரைச்சலும் புகக்கூடும்.

அப்புறம், மைக் கைக்கு வரும் நேரம். இங்கேதான் நம் ஆட்கள் எனக்கு வருத்தம் தருகிற தவறைச் செய்கிறார்கள். வீட்டில் தண்ணீரை 'வெள்ளம்' என்றும் டீயை 'சாயா' என்றும் பேசுகிறவர் மைக்கைப் பிடித்ததும் சினிமாவில் கேட்ட சென்னைத் தமிழுக்கு மாறுகிறார். பேச்சும் அவருடையதாக இருப்பதில்லை, சொல்ல வந்ததும் பாதியில் நின்றுவிடுகிறது. அன்று குலசேகரத்திலிருந்து வந்த ஒரு அக்கா எதையும் மாற்றவில்லை. "எனக்க மாப்பிள ரப்பர் வெட்டப் போவணும்னா விடியக்காலம் தானா எழும்புவாரு, ஞாயித்துக்கிழம சந்தைக்குப் போவச் சொன்னா மட்டும் காது கேக்காது" என்றார். அரங்கம் அதிர்ந்தது, நடுவரே ஒரு நிமிடம் பேச முடியாமல் நின்றார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908இல் பிறந்த ஒழுகினசேரி நாகர்கோவிலில்தான் இருக்கிறது. இந்த மண்ணின் பேச்சை வெளியூரில் ஒளித்து வைக்க ஒரு காரணமும் இல்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாள் கொடுத்தால் படிக்காமல் போடாதீர்கள். உங்கள் முகத்தையும் பேச்சையும் அவர்கள் பயன்படுத்துவதற்கான சம்மதம் அது. ஆங்கிலத்தில் இருந்தால் விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஊருக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, எந்த அணி ஜெயித்தது என்று தீர்ப்பைச் சொல்லிவிடாதீர்கள். பொங்கல் நிகழ்ச்சியை மார்கழியிலேயே எடுத்துவிடுவார்கள், ஒளிபரப்பாகும்வரை தீர்ப்பைக் காப்பது நம் பொறுப்பு. எடுத்ததில் பெரும்பகுதி வெட்டுப்படும் என்பதால், "என்னை டிவியில் காட்டுவாங்க" என்று பிள்ளைகளிடம் உறுதி சொல்லி வைப்பதும் வேண்டாம். அரங்கை விட்டு வெளியே வரும்போதே ஒளிபரப்பு நாளை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.