லித்தியத்தோடு இன்னொரு மாத்திரை: சேர்க்கும் முன்னும் சேர்த்த பின்னும்

எனக்கு இருமுனைக் கோளாறு இருக்கிறது. மனம் சில காலம் மிகையாக எழும், அந்த எழுச்சிதான் மேனியா; சில காலம் சோர்ந்துபோகும். மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தான லித்தியத்தை 11 ஆண்டுகளாகச் சாப்பிடுகிறேன். தொழில், மெய்ப்புத் திருத்துவது. மனச்சோர்வு வந்துவிட்டதை எனக்கு முதலில் சொல்வது வேலை மேசைதான். ஒரே வரியை நான்கு முறை படித்திருப்பேன், அதிலுள்ள பிழை கண்ணில் பட்டிருக்காது. கடந்த முறை அது பத்து வாரம் நீடித்தது. அதன் பிறகுதான் என் மனநல மருத்துவர் லித்தியத்தோடு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தைச் சேர்த்தார். அந்தப் பத்து வாரமும் அதன் பிறகும் நானும் அக்காவும் என்ன செய்தோம் என்பதை, இதே இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். மருந்தைத் தீர்மானிப்பவர் மருத்துவர். அவர் சரியாகத் தீர்மானிக்கத் தேவையான விவரங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

முதலில், பழைய எழுச்சிகளை மறைக்காமல் சொல்லுங்கள். நோய் இன்னதென்று தெரியாத காலத்தில் ஒரு மருத்துவர் எனக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். தூக்கமே இல்லாமல் உற்சாகமாக இருந்த நாட்கள் உண்டா என்று அவர் கேட்கவில்லை. அதெல்லாம் நோயென்று தெரியாததால் நானும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் இரண்டு மணி நேரம்தான் தூங்கினேன். திருத்தத்துக்கு வந்திருந்த ஒரு நாவலின் ஓர் அத்தியாயம் முழுவதையும் சிவப்பு மையில் நானே திருப்பி எழுதிவிட்டேன். எழுதியவர் அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 2014-இல் வெளியான சுவீடனின் பதிவேட்டு ஆய்வு ஒன்று இதைத்தான் எண்ணில் காட்டியது. லித்தியம் போன்ற மனநிலைச் சமன்படுத்தி இல்லாமல் மனச்சோர்வு மருந்தை மட்டும் தொடங்கியவர்களுக்கு முதல் மூன்று மாதங்களில் மேனியா வரும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கானது. சமன்படுத்தியோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் அந்த உயர்வு தெரியவில்லை.

ஆகவே புதிய மாத்திரையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஏற்கெனவே சாப்பிடும் மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். நான் ஒழுங்காகச் சாப்பிடுவதாகத்தான் நினைத்திருந்தேன். ரத்தப் பரிசோதனையில் லித்தியம் 0.48 என்று வந்தது. பொதுவாக எதிர்பார்ப்பது 0.6 முதல் 1.0 வரை. அக்கா மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்தபோது ஒரு மாதத்தில் ஒன்பது இரவு வேளைகள் தவறியிருந்தன. இந்தப் பரிசோதனைக்கு ஒரு விதி உண்டு. கடைசியாக மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அளவை மாற்றினால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். தைராய்டையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். லித்தியம் தைராய்டை மந்தமாக்கக்கூடும், அந்த மந்தமும் மனச்சோர்வு போலவே இருக்கும். அதற்குத் தேவை வேறு சிகிச்சை.

என் லித்தியம் 0.7-க்கு வந்தது, ஆனால் சோர்வு பாதிதான் விலகியது. அதன் பிறகுதான் இரண்டாவது மருந்து பற்றிப் பேசினோம். மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு மாற்று என்ன இருக்கிறது?" என்பது. இதை நீங்களும் கேளுங்கள். குவெட்டியாபின், லுராசிடோன், லாமோட்ரிஜின் ஆகியவையும் இருமுனைச் சோர்வுக்குக் கொடுக்கப்படுகின்றன. பல மருத்துவர்கள் அவற்றைத்தான் முதலில் யோசிப்பார்கள். குவெட்டியாபினில் பகலெல்லாம் எனக்குக் கண் சொக்கியது, எழுத்துகள் மிதந்தன. என் தொழிலுக்கு அது ஒத்துவரவில்லை.

மனச்சோர்வு மருந்து சேர்ப்பதால் நிச்சயம் குணமாகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2007-இல் அமெரிக்காவில் 366 பேரிடம் நடந்த ஆய்வில், சமன்படுத்தியோடு மனச்சோர்வு மருந்தும் எடுத்தவர்களில் 23.5 சதவீதம் பேர் நிலையாகத் தேறினார்கள். மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் 27.3 சதவீதம். மேனியாவுக்குத் தாவியவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். இதை நான் சொல்வது யாரையும் கலங்கவைப்பதற்காக அல்ல. மொத்த நம்பிக்கையையும் ஒரு மாத்திரையின் மேல் வைத்துவிட்டு, அது கேட்காதபோது உடைந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு இது கேட்கிறது. உங்களுக்குக் கேட்குமா என்பதைக் கவனமாகச் சோதித்துத்தான் அறிய முடியும்.

சேர்க்கக் கூடாத நிலைகளும் உண்டு. சோர்ந்திருக்கும்போதே எண்ணங்கள் ஓடிக்கொண்டிருந்தால், எரிச்சலும் பரபரப்பும் சேர்ந்திருந்தால், ஆண்டில் நான்கு அல்லது அதற்கு மேல் நிலைமாற்றங்கள் வந்திருந்தால், அதை முதல் வாக்கியமாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு மருந்துகளுக்குள்ளும் வேறுபாடு இருக்கிறது. செர்ட்ராலின் வகையையும் புப்ரோபியானையும் விட, வென்லாஃபாக்சினும் அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளும் மேனியாவுக்கான தாவலை அதிகம் தூண்டக்கூடியவை. இன்னொரு சமன்படுத்தியான கார்பமாசிபின் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் நினைவூட்ட வேண்டும். அது பல மருந்துகளின் வலிமையைக் குறைத்துவிடும்.

இனி நோட்டு. எங்களுக்கு மிகவும் உதவியது இதுதான். சாதாரணக் கோடு போட்ட நோட்டு, பக்கத்துக்கு மூன்று பத்திகள். தூங்கிய மணி நேரம், பத்துக்கு மனம் எத்தனை, அக்கா பார்த்தது. மூன்றாவது பத்தியை நான் எழுதக் கூடாது என்பது ஒப்பந்தம். எழுச்சி வரும்போது அதைக் கடைசியாக அறிபவன் நான்தான். மாத்திரை தொடங்கும் முன்பே இரண்டு வாரம் எழுதினோம், ஒப்பிட அடிப்படை வேண்டுமே. நோட்டின் முதல் பக்கத்தில் என் கையெழுத்தோடு ஒரு வரி: "இரண்டு இரவுகள் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கி, களைப்பும் இல்லையென்றால், நான் மறுத்தாலும் அக்கா மருத்துவரை அழைக்கலாம்." மருத்துவரிடமும் அதைக் காட்டி அனுமதி பெற்றோம்.

மாத்திரை தொடங்கிய பத்தொன்பதாம் நாள் நாலரை மணி நேரத் தூக்கம். மறுநாள் நாலே கால். மனம், ஏழு. மூன்றாவது பத்தியில் அக்கா எழுதியிருந்தாள்: "இன்று நான் பேசத் தொடங்கிய வாக்கியத்தை மூன்று முறை நீயே முடித்தாய்." எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் நன்றாக இருக்கிறேன், அதுவும் குற்றமா என்று கத்தினேன். அவள் பதில் பேசவில்லை, முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள், பிறகு அழைத்தாள். மருத்துவர் திட்டமிட்டிருந்த அளவு உயர்வை நிறுத்திவைத்தார், இரவு வேலையை நிறுத்தச் சொன்னார், மூன்று நாளில் வரச் சொன்னார். தூக்கம் ஆறரைக்குத் திரும்பியது. திரும்பாமல் இருந்திருந்தால் செர்ட்ராலினை நிறுத்தியிருப்பார்.

முதல் வாரங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மனம் தேறும் முன்பே உடலில் பரபரப்பு ஏறலாம். குறிப்பாக 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம். அந்த எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராதீர்கள். அன்றே மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போங்கள், தனியாக இருக்காதீர்கள். லித்தியம் அளவு மீறினால் உயிருக்கு ஆபத்து. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கான மாத்திரைதான் என்னிடம் இருக்கும், மீதி அக்காவிடம். வலிக்கென்று ஐபுபுரோஃபென் போடுவது ரத்தத்தில் லித்தியத்தை உயர்த்தும், அதையும் கேட்காமல் போடாதீர்கள்.

எப்போது நிறுத்துவது என்பதைத் தொடங்கும் நாளிலேயே பேசிவிடுங்கள். 2023-இல் வந்த ஓர் ஆய்வில், தேறிய பிறகு 8 வாரத்தில் நிறுத்தியவர்களையும் ஓராண்டு தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். தொடர்ந்தவர்களுக்குச் சோர்வு திரும்புவது குறைவாகவும் எழுச்சி சற்று அதிகமாகவும் தெரிந்தது; மொத்தத்தில் உறுதியான வெற்றி எந்தப் பக்கமும் இல்லை. நாங்கள் ஆறு மாதம் என்று முடிவு செய்தோம். குறைத்தது படிப்படியாக, ஏழு வாரத்தில். அப்போது தலைசுற்றலும் தலைக்குள் மின்சாரம் தொட்டது போன்ற அதிர்வும் சில நாள் வந்தன. சோர்வு திரும்பிவிட்டதோ என்று பயந்தேன், ஆனால் நோட்டில் மனத்தின் எண் ஆறிலிருந்து இறங்கவே இல்லை. அதனால் குறைத்த அளவிலேயே இன்னும் பத்து நாள் நிற்கச் சொன்னார் மருத்துவர். லித்தியத்தைத் தொடவில்லை.