மனச்சோர்வும் சாப்பாடும்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

என் பெரியம்மா காலை 5 மணிக்கு எழுந்ததும் ஒரு டம்ளர் டீ. எல்லோருக்கும் டிபன் முடித்து, டப்பா கட்டி அனுப்பிவிட்டு இன்னொன்று. அவர் தட்டு போட்டு உட்காரும்போது 11 மணி தாண்டியிருக்கும். ஆறிப்போன இரண்டு இட்லி, அதோடு மூன்றாவது டீ. 10 மணி வாக்கில் யார் பேசினாலும் எரிந்து விழுவார். "அவ சுபாவமே அப்படித்தான்" என்று வீட்டில் எப்போதோ முடிவு கட்டிவிட்டோம்.

பெரிய தவறே அதுதான். உடம்பு எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. நீண்ட நேரம் சாப்பிடாமல் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது, அதைச் சரிக்கட்ட அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும். படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல் எல்லாம் அதனால் வரலாம். வெறும் வயிற்றில் டீ குடித்தால் பசி தெரியாது, அவ்வளவுதான், படபடப்பு கூடும்.

அப்புறம் அவருக்கு மறதி, காலில் மதமதப்பு, காரணமில்லாமல் அழுகை என்று ஒவ்வொன்றாக வந்தன. "வயசாகுது" என்றோம். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது வைட்டமின் பி12 மிகக் குறைவு, ரத்தசோகையும் இருந்தது. பி12 காய்கறியிலோ பருப்பிலோ கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. சைவக்காரர்களும், சர்க்கரைக்காகப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் இதை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. குறைவாக இருந்தால் சோர்வையும் மனவாட்டத்தையும் கொண்டுவரும். அதைச் சோம்பல் என்று திட்டுவது எவ்வளவு அநியாயம்!

சாப்பாட்டோடு டீ குடிப்பது இன்னொரு தவறு. சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. டீயை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். முருங்கைக்கீரையில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த காபி ராத்திரி 11 மணிக்கும் பாதியளவு உடம்பில் இருக்கக்கூடும். தூக்கம் கெட்டால் மறுநாள் மனசும் கெடும்.

வாழைப்பழம் சாப்பிட்டால், மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனம் மூளையில் கூடி மனசு உற்சாகமாகும் என்று வாட்ஸ்அப்பில் வரும். பழத்தில் செரட்டோனின் இருப்பது உண்மை. ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக முடியாது. பழம் நல்லதுதான், மருந்தாக நம்பக் கூடாது. ஒரு பொருளால் அல்ல, மொத்தச் சாப்பாட்டு முறையால்தான் பலன். 2017-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் மனச்சோர்வு நோய் உள்ள 67 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 12 வாரம் முழுதானியம், பருப்பு, காய்கறி, மீன், ஆலிவ் எண்ணெய் என்று மாற்றிச் சாப்பிட்டார்கள். அந்தக் குழுவில் மூன்றில் ஒருவருக்கு நோய் நன்றாகத் தணிந்தது. ஆய்வு சிறியது. அதோடு பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே சிகிச்சையிலும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நம் ஊரில் அந்த இடத்துக்குச் சுண்டல், கீரை, கேழ்வரகு, மத்தி மீன் போதும்.

"சாப்பாட்டைச் சரி பண்ணிட்டேன்" என்று மனச்சோர்வு மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. மனச்சோர்வில் இருப்பவரிடம் "ஒழுங்கா சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும்" என்பதும் கொடுமை. பசியைக் கொல்வதே அந்த நோயின் வேலை. அடுப்படி வரை நடக்கவே தெம்பிருக்காது. புத்திமதி வேண்டாம். கொஞ்சம் ரசம் சாதம் பிசைந்து எடுத்துப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். நாலு வாய் இறங்கினாலும் சரி. வாட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் ராத்திரி பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.