சவுக்கு நிழலில் முதல் கூடாரம்: சிங்கப்பூரிலிருந்து மெர்சிங் கடலோரத்துக்குக் குடும்பப் பயணம்

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பலவும் எல்லையைத் தாண்டியதும் வரும் மலேசிய நகரான ஜொகூர் பாருவோடு திரும்பிவிடுகின்றன. அங்கிருந்து வடகிழக்கே இன்னும் இரண்டரை மணி நேரம் ஓட்டினால், மெர்சிங்குக்கும் எண்டாவுக்கும் இடையே சவுக்கு மரங்களும் மீனவக் கிராமங்களுமாக ஆளரவம் குறைந்த கடற்கரை தொடங்கிவிடும். வெட்டவெளியில் ஒரு நாளும் படுத்திராத குடும்பம் இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்கிப் பழகுவதற்கு, ஓட்டிச் செல்லும் தொலைவில் இதைவிட ஏற்ற இடம் எனக்குத் தெரியாது. இப்பயணத்தின் ஏற்பாடுகள் அனைத்தையும் ஒரே கணக்கிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்: அங்கே ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. பிற்பகல் மூன்று மணிக்குள் நீங்கள் மணலில் கால் வைத்திருக்க வேண்டும்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

ஜூன் பள்ளி விடுமுறையில் செல்லுங்கள். செப்டம்பர் விடுமுறையும் நல்லதே. டிசம்பரில் நீண்ட விடுமுறை கிடைக்கிறதே என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையைக் கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் நவம்பர் முதல் மார்ச் வரை மலேசியாவின் கிழக்குக் கரையையும் அடித்துக் கலக்குகிறது. நாள் குறிக்கும்போது நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கான காரணத்தை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஆவணங்கள்

சிங்கப்பூரில் பதிவான கார் மலேசியாவுக்குள் செல்ல வாகன நுழைவு அனுமதியும் அதற்குரிய ஆர்எஃப்ஐடி எனும் மின்னணு அடையாள வில்லையும் தேவை. 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத வாகனங்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. விண்ணப்பித்த அன்றே எல்லாம் முடிந்துவிடாது என்பதால் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கிவிடுங்கள். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் உண்டு. அதைச் செலுத்த உதவும் டச் என் கோ அட்டையில் போதிய பணம் இருக்கட்டும். கடப்பிதழ்கள் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். குடும்பத்தில் நிரந்தரவாசிகளோ வெளிநாட்டிலிருந்து வந்த பெற்றோரோ இருந்தால், அவர்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை.

எரிபொருள் விதிகள் இரண்டு. சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். மலேசியாவில் நிரப்பும்போது ரான் 97 வகைப் பெட்ரோல் மட்டுமே போடலாம். மானிய விலை ரான் 95 வெளிநாட்டு வாகனங்களுக்கு இல்லை.

மூன்றாம் படி: ஒத்திகை

புதுக் கூடாரத்தைக் கடற்கரையில்தான் முதன்முதலாகப் பிரிப்பது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடு, கூடாரம் அடிக்க இடம் ஒதுக்கப்பட்டுள்ள பூங்கா ஒன்றில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். யாருக்குத் தூக்கம் வரவில்லை, எந்த விளக்கு போதவில்லை என்பதெல்லாம் அந்த ஓர் இரவிலேயே தெரிந்துவிடும். எங்கள் ஒத்திகையில் அம்மாவால் தரைப்பாயிலிருந்து எழ முடியவில்லை. மறுவாரமே ஒரு மடக்குக் கட்டில் வாங்கினோம். இன்றுவரை எங்கள் மூட்டையில் முதலில் ஏறுவது அதுதான்.

நான்காம் படி: புறப்பாடும் சாலையும்

வேலைநாளில், விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை அடைந்துவிடுங்கள். காரில் இருக்கும் அனைவருக்கும் சேர்த்து ஒரே கியூஆர் குறியீட்டைச் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் முன்கூட்டியே உருவாக்கி வைத்தால், ஒவ்வொரு கடப்பிதழாக நீட்டும் நேரம் மிச்சமாகும். காலை உணவுக்குக் கோத்தா திங்கியில் நிறுத்துங்கள். அதன்பின் மூன்றாம் எண் கூட்டரசுச் சாலை செம்பனைத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே செல்கிறது. யானைகள் குறுக்கிடும் என்று எச்சரிக்கும் பலகைகள் உண்மையாகவே வைக்கப்பட்டவை. அந்தச் சாலையில் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். சமையல் எரிவாயுக் குப்பிகள், பனிக்கட்டி, குடிநீர் ஆகியவற்றை மெர்சிங் நகரில் வாங்கிக்கொள்ளலாம். மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது. நகரைத் தாண்டினால் கைப்பேசிச் சமிக்ஞை விட்டுவிட்டுக் கிடைக்கக்கூடும். வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: இடம் பார்த்துக் கூடாரம் அடிப்பது

மெர்சிங்குக்குச் சற்று வடக்கே ஆயர் பாப்பான், அதற்கும் வடக்கே பெஞ்ஞாபோங் எனக் கடற்கரைகள் வரிசையாக உள்ளன. முதன்முறை செல்பவர்கள் கழிவறையும் குளியலறையும் உள்ள, கட்டணம் வாங்கும் முகாமிடத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. திறந்த கடற்கரையாக இருந்தால் அருகிலுள்ள கடையிலோ வீட்டிலோ "போலே பசாங் கெமா டி சினி?" என்று கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இங்கே கூடாரம் போடலாமா என்பது அதன் பொருள். கேட்டவர்களுக்கு நல்ல இடத்தையும் அவர்களே காட்டித் தருவார்கள்.

மணலில் காய்ந்த கடற்பாசி, குச்சி, சிப்பி எல்லாம் ஒரே கோடாக ஒதுங்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். அலை கடைசியாக ஏறிவந்த எல்லை அது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கடல் அந்தக் கோட்டையும் தாண்டக்கூடும். எங்கள் முதல் பயணத்தில் மாலையில் நீர் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது; அகன்று கிடந்த மணலைக் கண்டு மயங்கிக் கோட்டுக்குக் கீழேயே கூடாரத்தை அடித்துவிட்டேன். நள்ளிரவு கழிந்து "அப்பா, பாய் ஈரமா இருக்கு" என்று மகள் எழுப்பியபோது வானத்தில் முழுநிலவு நின்றது. ஆகவே, கோட்டிலிருந்து நன்றாக மேலேறி, சவுக்கு மரங்களின் ஓரத்துக்குச் செல்லுங்கள். தென்னையின் கீழ் மட்டும் அடிக்காதீர்கள். தேங்காய் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் உலர்ந்த மணலில் நிற்பதில்லை. காற்று ஒருமுறை இழுத்தால் வெண்ணெயில் குத்திய ஊசிபோல் வெளியே வந்துவிடும். அதற்குப் பதிலாக நான்கு துணிப் பைகளில் மணலை நிரப்பிக் கழுத்தைக் கட்டி, அதே கழுத்தில் கூடாரக் கயிற்றை முடிந்துகொள்ளுங்கள். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் பையைக் கிடத்தி, கயிறு சாய்வாக வெளியே வரும்படி மூடி, ஈர மணலைப் போட்டுக் காலால் மிதித்து இறுக்குங்கள். பிறகு கயிற்றை உங்கள் முழு எடையோடு இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் அடுத்த மூலைக்குப் போகலாம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இது. தோண்டுவதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: உணவும் இரவும்

முதல் நாள் சமைக்க வேண்டாம். வீட்டிலிருந்தே புளிச்சோறு கிளறி எடுத்துச் செல்லுங்கள். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, நன்றாக ஆறவைத்து வாழையிலையில் கட்டினால் இரவு உணவுவரை தாங்கும். வறுத்த நெத்திலி தனி டப்பாவில் இருந்தால் மொறுமொறுப்புக் குறையாது. அந்தி சாயும் நேரத்தில் மலாய்க்காரர்கள் அகாஸ் என்று அழைக்கும் மணல் ஈக்கள் கணுக்காலைக் கடிக்கும்; ஆறு மணிக்கே நீண்ட காற்சட்டைக்கு மாறிவிடுங்கள். ஒரு புட்டி வினிகரும் கையில் இருக்கட்டும். ஜெல்லிமீன் தீண்டிய இடத்தைத் தேய்க்காமல், முதலில் வினிகரை ஊற்றி, வலியோ மூச்சுத் திணறலோ கூடினால் உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

ஏழாம் படி: கிளம்புவது

ஞாயிறு மாலை எல்லையில் கூட்டம் மிகுதி என்பதால் வேலைநாள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கூடாரத்தை உலரவைத்து மடியுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். மணல் பைகளை அவிழ்த்து, அதே மணலால் நான்கு குழிகளையும் நிரப்பி மிதித்துவிடுங்கள். விடியுமுன் வலை இழுக்க வரும் மீனவர் கால் இடறக்கூடாது. குப்பைப் பை காரில் ஏறிவிட்டதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள்.