டர்போ மாட்டியாச்சு, பெட்ரோல் போகிறதா?

போன மாதம் ஒரு பையன் பழைய ஸ்விஃப்ட் ஒன்றை டிரக்கில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு அவனே டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) மாட்டியிருந்தான். வெல்டிங்கைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பொறாமை. பெரிய இன்ஜெக்டர், தனி ஈசியு (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்), லேப்டாப்பில் கலர் கலராக ஃபியூவல் மேப், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் அட்டவணை. "மேல போனா கொஞ்சம் லீன் அடிக்குதுங்கண்ணா. மேப்ல இன்னும் கொஞ்சம் ஏத்திட்டாப் போதும்ங்களா?" என்று கேட்டான். லீன் என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் பற்றாமல் போவது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே கேள்வியை இதே நம்பிக்கையோடு கேட்டு இரண்டு இன்ஜினைக் காலி செய்தவன் நான்.

ஆயில் லைன், கிளாம்ப், கேஸ்கெட் கதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். இன்னொன்று, நான் சொல்வது டிராக் வண்டிக்கு மட்டும். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தராது.

ரெயில் பிரஷரைப் பார்க்காமல் மேப்பைத் திருத்துவது

இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஈசியு முடிவு செய்கிறது. அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் கொட்டும் என்பது பிரஷர் வித்தியாசத்தின் கையில் இருக்கிறது. இன்ஜெக்டருக்குப் பின்னால் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) பிரஷர், முன்னால் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) பிரஷர்.

பழைய எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள) வண்டிகள் பலவற்றில், பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெயிலிலேயே இருக்கும். அதிலிருந்து சின்ன வேக்கம் ஹோஸ் ஒன்று மேனிஃபோல்டுக்குப் போகும். மேனிஃபோல்டு பிரஷர் ஏறினால் ரெயில் பிரஷரும் கூடவே ஏறும். மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் இல்லாத வண்டிகளில் ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்ப்போடு உட்கார்ந்திருக்கும். இன்ஜின் பக்கம் என்ன நடந்தாலும் அதற்குக் கவலையில்லை. 3 பார் என்றால் எப்போதும் 3 பார்தான்.

டர்போ இல்லாதவரை இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. டர்போவிலிருந்து 0.8 பார் பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) வந்ததும் மேனிஃபோல்டு எதிர்த்துத் தள்ளும், வித்தியாசம் 2.2 பாராக இறங்கிவிடும். பாய்வு வர்க்கமூலக் கணக்கில் மாறுவதால், இன்ஜெக்டர் கொட்டுவது சுமார் 14 சதவீதம் குறையும். இன்ஜின் வாயைப் பிளந்து கேட்கிற நேரம் பார்த்துக் கை சுருங்குகிறது.

என்னுடையதும் ஸ்விஃப்ட்தான். மிக்ஸ்சர் கேஜ் லீன் காட்டியது, மேப்பில் ஏற்றினேன், சரியானது. பூஸ்டைக் கொஞ்சம் கூட்டினேன், மறுபடி லீன், மறுபடி ஏற்றினேன். இன்ஜெக்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை அடிக்கும். 6,500 ஆர்பிஎம்மில் இரண்டு சுற்றுக்குக் கிடைப்பதே 18.5 மில்லிசெகண்ட். அதில் 17-க்கு மேல் இன்ஜெக்டர் திறந்தே கிடந்தது. இதற்கு மேல் எங்கே ஏற்றுவது? கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் நாலாவது லேப்பில் மூன்றாம் பிஸ்டனில் ஓட்டை விழுந்தது.

இன்ஜெக்டர் சின்னது என்று நானே தீர்ப்பு எழுதி, பெரியது வாங்கி, இன்ஜினைக் கட்டினேன். டைனோவில் (வண்டியை நிறுத்தி வைத்தே பவர் அளக்கும் மெஷின்) அருமையாக ஓடியது. டைனோவில் ஒரு ஓட்டம் பத்து செகண்டுக்குள் முடிந்துவிடும். டிராக்கில் நிமிடக்கணக்கில் மிதித்தபோது பம்ப் சூடாகி, வோல்ட்டேஜ் இறங்கி, இருந்த பிரஷரும் போனது. அப்புறம் இரண்டாவது இன்ஜினும் போனது.

டீசல் பம்ப் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருந்த பெரியவர் ஒருவர் அந்தப் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரஷர் எவ்வளவு வருது தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு இன்ஜினிலும் ஒரு தடவைகூட ரெயிலில் கேஜ் மாட்டிப் பார்த்ததில்லை. நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

மேனிஃபோல்டு பிரஷர் எவ்வளவு ஏறுகிறதோ அதே அளவு ரெயில் பிரஷரை ஏற்றும் ஒன்றுக்கு ஒன்று ரெகுலேட்டரை இன்ஜின் பக்கம் வைத்து, டேங்குக்கு ரிட்டர்ன் லைன் போடுங்கள். அதன் ஹோஸைத் திராட்டிலுக்குப் பிறகு, மேனிஃபோல்டில் தனி நிப்பிளிலிருந்து எடுங்கள். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் லைனோடு டீ இணைப்பு போட்டுப் பங்கு வைக்காதீர்கள். பூஸ்டில் கழன்றுவிடாதபடி கட்டுங்கள்.

சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ரெயிலில் கேஜ் மாட்டி, இன்ஜினை ஓட்டாமல் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, ரெகுலேட்டர் ஹோஸில் மீட்டர் உள்ள சைக்கிள் பம்ப்பால் 0.8 பார் காற்று அடியுங்கள். கேஜ் 3.8 காட்ட வேண்டும்.

பையனின் வண்டியில் அதைத்தான் செய்தோம். ரெகுலேட்டர் புதுசு, ஹோஸும் சரியான இடத்தில். காற்று அடித்தோம். முள் 3-லேயே நின்றது. டேங்குக்குள் இருந்த பழைய ரெகுலேட்டரை அவன் எடுக்கவே இல்லை. வெளியே இருப்பது ஏற்றச் சொன்னாலும் உள்ளே இருப்பது 3 பாரிலேயே திறந்து பெட்ரோலை டேங்குக்குள் விட்டுவிடும்.

பெரிய பம்ப், பழைய வயர்

பம்ப்பை மாற்றுகிறவர்கள் அதற்குப் போகும் வயரை விட்டுவிடுகிறார்கள். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்ப் கனெக்டரில் 11.5. இப்படிப் பலமுறை பார்த்திருக்கிறேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வைத்துத் தடித்த வயர் இழுங்கள். எர்த்தையும் மறக்க வேண்டாம்.

1 பார் மேனிஃபோல்டு சென்சார்

வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 1 பார். அதற்கு மேல் வரும் பூஸ்ட் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. 2.5 அல்லது 3 பார் சென்சார் போடுங்கள்.

கம்பெனி ஆக்சிஜன் சென்சாரை நம்பி டியூன் செய்வது

வேண்டாம். கலவையை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வாங்குங்கள், டர்போவுக்குப் பிறகு மாட்டுங்கள்.

ஓம் பார்க்காமல் இன்ஜெக்டர் வாங்குவது

சந்தையில் கிடைக்கும் பழைய ஜப்பான் இன்ஜெக்டர்களில் 2, 3 ஓம் உள்ளவை உண்டு. உங்கள் ஈசியு 12 முதல் 16 ஓம் இன்ஜெக்டருக்கு மட்டும் ஆனதாக இருந்தால் அதற்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரியும். வாங்கும் இடத்திலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

2022-இல் போட்ட மேப்பை அப்படியே ஓட்டுவது

அப்போது பெட்ரோல் பங்கில் கிடைத்தது 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இப்போது 20. ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சரியான காற்று, எடைக் கணக்கில், முன்னதற்கு 14.1 பங்கு பக்கம், பின்னதற்கு 13.5 பக்கம். மேப்பில் ஒரு எண்ணைக்கூடத் தொடாமல் சுமார் 4 சதவீதம் லீன் ஆகியிருக்கிறது. ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) கூடியது ஓரளவு ஆறுதல், அவ்வளவுதான். அதனால்தான் நான் விகிதத்தை விட்டுவிட்டு லாம்டாவில் டியூன் செய்கிறேன். எந்தப் பெட்ரோலானாலும் சரியான விகிதம் அதில் 1, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல். முழு பூஸ்டில் 0.80-க்குக் கொஞ்சம் கீழே வைப்பேன். இரண்டு குதிரை குறைகிறது என்று பையன்கள் முணுமுணுப்பார்கள். பழைய பிஸ்டன் இரண்டும் மேஜை மேலேயே இருக்கின்றன, எடுத்துக் காட்டுவேன்.