சென்சாரை ஒட்டும் முன் கையை ஒருமுறை தடவிப் பாருங்கள்

சுகர் பார்க்கக் கையில் ஒட்டும் வட்டச் சென்சாரை இப்போது நிறையப் பேர் வாங்குகிறார்கள். போனில் அதற்கான ஆப்பை எப்படிப் போடுவது என்று பத்துக் கேள்வி கேட்பவர்கள்கூட எங்கே ஒட்டுவது என்று கேட்பதில்லை. எங்கே ஒட்டினாலும் ஒரே ரத்தம்தானே என்று நினைப்பு. உண்மையில் அந்தச் சென்சார் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. தோலுக்கடியில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும் மெல்லிய இழை, செல்களைச் சுற்றியிருக்கும் நீரில் உள்ள குளுக்கோஸைத்தான் அளக்கிறது. ரத்தத்தில் ஏறிய சுகர் அங்கே தெரிய 5 முதல் 15 நிமிடம் ஆகலாம், அதனால் அந்த இடத்துச் சதை, கொழுப்பு, அதன்மேல் விழும் அழுத்தம் எல்லாமே ரீடிங்கை மாற்றும்.

முதல் தவறு, வெளியே தெரியக் கூடாது என்று வயிற்றிலோ தொடையிலோ ஒட்டுவது. ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்ற சென்சார்களுக்கு மேல்கையின் பின்பக்கம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், அங்கே வைத்துத்தான் சோதித்தும் இருக்கிறார்கள். வேறு இடத்தில் ஒட்டினாலும் ஏதோ ஒரு எண் வரும், அதை நம்பி இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைப்பதுதான் ஆபத்து.

அடுத்தது தூக்கம். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறவர் வலக்கையில் ஒட்டிக்கொண்டால், ராத்திரி 2 மணிக்கு அலாரம் அலறும், சுகர் 54க்கு இறங்கிவிட்டது என்று காட்டும். வீட்டில் எல்லோரும் எழுந்து சர்க்கரைத் தண்ணீர் கலக்குவார்கள். ஆனால் உடம்பில் நடுக்கமில்லை, வியர்வையில்லை, புரண்டு படுத்துக் கொஞ்ச நேரத்தில் எண் தானாக மேலே வந்துவிடுகிறது. சென்சாரின்மேல் படுத்ததால் அந்த இடத்துக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். இப்படிச் சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள். அறிகுறி இருந்தாலோ, குத்திப் பார்க்க மெஷின் இல்லாவிட்டாலோ காத்திருக்காமல் இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடுத்த சென்சாரை மறுகைக்கு மாற்றுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் ஒட்டும் இடத்தை முதலில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் உள்ளே ரப்பர் மாதிரி கட்டி தட்டியிருக்கலாம், பல நேரம் பார்த்தால் தெரியாது, தடவினால்தான் தெரியும். அங்கே ஒட்ட வேண்டாம். ஊசி போடும் இடத்திலிருந்து குறைந்தது 2.5 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

பெண்களுக்கு ஒன்று: ஜாக்கெட் கையின் விளிம்பு எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். இறுக்கமான கை சரியாகச் சென்சார்மேல் வந்து நின்றால், கழற்றும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும். எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு ஒட்டினால் பசை பிடிக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும்.

மற்றக் கருவிகளிலும் இதே கதைதான். ஸ்மார்ட் வாட்சை மணிக்கட்டு எலும்பின் மேலேயே தொளதொளவென்று கட்டிக்கொண்டு நடந்தால், இதயத் துடிப்புக்குப் பதில் கைவீச்சை எண்ணிக்கொண்டிருக்கும். எலும்பிலிருந்து ஒரு விரல் அளவு மேலே தள்ளி, அசையாதபடி கட்டுங்கள். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் வேறு கை. ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை நெயில் பாலிஷ் இல்லாத, சில்லிட்டுப் போகாத விரலில் மாட்டுங்கள், கறுப்பு மருதாணி வைத்த விரலும் வேண்டாம். மணிக்கட்டில் கட்டும் பிபி மெஷின் என்றால் கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, பிபி ஏறிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் அதிகம்: இதயத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே கை இருந்தாலே 7, 8 புள்ளி கூடக் காட்டும்.

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா, அதாவது ரத்தக் குழாய்களை இணைக்கும் ஆபரேஷன், செய்த கை என்றால் பேச்சே இல்லை, பிபி பட்டையும் கூடாது, இறுக்கமான வாட்சும் கூடாது. ஆஸ்பத்திரியில் அவசரத்தில் யாராவது அந்தக் கையைப் பிடித்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: "இந்தக் கை வேண்டாம் சிஸ்டர், அந்தக் கையில பாருங்க."